முடியோடு பிறந்த குட்டி

மெக்சிகோவின் ஷோலோ, பெரு நாட்டு மொட்டை நாய், சைனீஸ் கிரெஸ்டட் ஆகிய மூன்றும் உடம்பில் முடியில்லாத நாயினங்கள் என்று பெயர் வாங்கியவை. விற்பவர்கள் இவற்றைப் பற்றி ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்வதில்லை: இவை போடுகிற ஈத்தில் முடியோடும் குட்டி விழும். எங்கோ கலப்பு நடந்துவிட்டதால் விழுகிற குட்டி என்று நினைக்க வேண்டாம். சுத்தமான மொட்டைக் கடுவனையும் சுத்தமான மொட்டைப் பொட்டையையும் சேர்த்தாலும் விழும். மொட்டைக் குட்டிக்குக் கேட்ட விலை கிடைக்கிறது. முடிக்குட்டியை யாராவது கேட்டால் சும்மா கொடுத்துவிடுவார்கள். முன்பெல்லாம் பிறந்த அன்றே கதையை முடித்துவிடுவதும் உண்டு. நாயை இணை சேர்த்துக் குட்டி எடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்: அந்த இனங்கள் இத்தனை நூற்றாண்டு தாக்குப்பிடித்து நிற்பது ஒதுக்கப்பட்ட அந்த முடிக்குட்டியால். வாழப்பாடியில் இருந்துகொண்டு மெக்சிகோ நாய்க்கு வக்காலத்து எதற்கு என்று தோன்றலாம். ராஜபாளையம் நாயில் நாமும் இதே வேலையைத்தான் செய்துவந்திருக்கிறோம். வெள்ளைக்குட்டியை வைத்துக்கொண்டு நிறக்குட்டியைத் தள்ளினோம். ஆனால் ராஜபாளையத்தில் லாப நஷ்டம் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. மொட்டை நாயில் அது விரல்விட்டு எண்ணுகிற கணக்காகவே இருக்கிறது. அதனால் தூரத்து நாயிலிருந்து தொடங்குகிறேன்.

நம் பக்கத்தில் முடியில்லாத நாய் என்றாலே நினைவுக்கு வருவது சொறி நாய். இரண்டையும் குழப்பிக்கொள்வதால் மொட்டை நாயை அருவருப்போடு பார்ப்பவர்களும் உண்டு, சொறி பிடித்த குட்டியை அபூர்வ இனம் என்று ஏமாந்து வாங்கக்கூடியவர்களும் உண்டு. பிறவி மொட்டையின் தோல் ஒரே சீராக, வழவழப்பாக, நாற்றமில்லாமல் இருக்கும். முழு மொட்டையும் கிடையாது. நெற்றி உச்சியிலும் விரல்களின் மேலும் வால் நுனியிலும் கொஞ்சம் முடி நிற்கும். சைனீஸ் கிரெஸ்டட்டுக்கு அந்த நெற்றி முடிதான் அழகு. சொறியில் முடி போகும்போது திட்டுத் திட்டாகப் போகும், காதோரமும் முழங்கையும் தடித்துப் பொருக்குத் தட்டும். காது மடலின் ஓரத்தை விரலால் தேய்த்தால் நாய் தன்னையறியாமல் பின்னங்காலை உதறிச் சொறியும். சந்தேகம் இருந்தால் பிளேடில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, ரத்தம் கசியும் ஆழத்துக்குத் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார் டாக்டர். உருண்டையாகக் கால் குட்டையாகத் தெரிந்தால் ஒருவகைச் சிற்றுண்ணி, சுருட்டு மாதிரி நீண்டு தெரிந்தால் டெமோடெக்ஸ் என்ற இன்னொருவகை. இரண்டுக்கும் இன்று நல்ல மாத்திரை இருக்கிறது. முடி திரும்ப வளர்ந்துவிடும். பிறவி மொட்டைக்கு எந்த மாத்திரையும் முடியைத் தராது, தர வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த மொட்டைத்தனம் தோலோடு நிற்பதில்லை. குட்டியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். வளர்ந்த நாய்க்கு 42 பல் இருக்க வேண்டும். மொட்டை நாய்க்குக் கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் வர வேண்டியவை பலதும் முளைப்பதே இல்லை. கோரைப்பல் மெலிந்து, நிமிர்ந்து நிற்காமல் முன்பக்கம் சாய்ந்திருக்கும். பால்பல் விழுந்த இடத்தில் நிலைப்பல் வராமல் ஈறு வெறுமனே கிடப்பதும் சகஜம். அதே ஈத்தில் பிறந்த முடிக்குட்டியின் வாயில் பல்வரிசை முழுசாக இருக்கும். முடியில்லா நாய்க்குப் பல்லும் சரியில்லை என்பதை டார்வின் 1859-ல் வெளியிட்ட தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே குறித்திருக்கிறார்; ஒன்றை மாற்றினால் தொடர்பில்லாத இன்னொன்றும் கூடவே மாறுகிறது என்பதற்கு அது அவருக்கு ஓர் உதாரணம். அந்தத் தொடர்பின் முடிச்சு அவிழ்ந்தது 2008-ல். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தலைமையிலான குழு, ஃபாக்ஸ்-ஐ-3 என்ற மரபணுவில் ஏழு எழுத்துகள் இரட்டித்துப் போயிருப்பதைக் கண்டுபிடித்து 'சயின்ஸ்' இதழில் எழுதியது. கருவின் வெளிப்படலத்திலிருந்துதான் முடியும் பல்லும் உருவாகின்றன. அந்த வேலையை நடத்தும் மரபணுக்களில் ஒன்று கெட்டால் இரண்டும் சேர்ந்து குறைகின்றன. மெக்சிகோ, பெரு, சீனப் பெயர் கொண்டது மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை.

இனி கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு நாய்க்கும் இந்த மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதி. மொட்டை நாய்க்கு ஒரு பிரதி கெட்டது, ஒரு பிரதி நல்லது. இரண்டும் நல்லதாக இருந்தால் முடிக்குட்டி. இரண்டும் கெட்டுப்போனால் அந்தக் கரு பிழைப்பதில்லை. பெரும்பாலும் வயிற்றுக்குள்ளேயே கரைந்துவிடும். ஆகவே உலகத்தில் உயிரோடு இருக்கும் இந்த வகை மொட்டை நாய் எல்லாமே பாதிப் பாதிதான். மொட்டையையும் மொட்டையையும் சேர்த்து எட்டுக் கரு தங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரிக்கு இரண்டு கரு வீண், நான்கு மொட்டை, இரண்டு முடிக்குட்டி. கையில் கிடைப்பது ஆறு குட்டி, அதில் நான்கு மொட்டை. வளர்ப்பவன் ஆறுக்கு நான்கு என்று பார்த்துக் குளிர்ந்துபோகிறான். அதே மொட்டைப் பொட்டையை முடி உள்ள கடுவனோடு சேர்த்தால் எட்டுக் கருவில் நான்கு மொட்டை, நான்கு முடிக்குட்டி, வீண் ஒன்றுமில்லை. எட்டுக்கு நான்குதானா என்று இப்போது முகம் சுளிக்கிறான். ஆனால் மொட்டைக் குட்டி அங்கும் நான்கு, இங்கும் நான்கு. முடிக்கடுவனை ஒதுக்கியதால் அவனுக்குக் கூடுதலாக ஒரு மொட்டைக் குட்டிகூடக் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் இரண்டு கருச்சேதமும், இரண்டு முடிக்குட்டி குறைவதும்தான். ஒவ்வொரு ஈத்திலும் இப்படியே விழாது, ஒரு தடவை ஐந்து விழும், ஒரு தடவை இரண்டு விழும். பத்து ஈத்தைக் கூட்டிப் பார்க்கிறவனுக்கு இதுதான் கணக்கு.

இந்த இடத்தில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் மடக்குவார். முடிக்குட்டியிடம் அந்த மொட்டை மரபணுவே இல்லையே. இரண்டு முடி நாயைச் சேர்த்தால் காலத்துக்கும் முடிக்குட்டிதானே விழும். அப்புறம் அது எப்படி இனத்தைத் தாங்கும்? நியாயமான கேள்வி. பதில், மொட்டை என்பது ஒரே ஒரு மரபணு; நாய் என்பது ஆயிரக்கணக்கான மரபணு. காதின் நிமிர்வு, காலின் எலும்பு, குணம், இதயம், பிரசவத்தில் சிரமப்படாத இடுப்பு எல்லாம் முடிக்குட்டியிடம் அண்ணன் தம்பிக்குச் சமமாக இருக்கின்றன. ஈத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கி வெளியே போட்டால், அந்த ரத்தத்திலிருந்து வந்த மற்ற நல்லதெல்லாம் சேர்ந்தே வெளியே போகிறது. மிச்சமிருக்கும் கொஞ்சம் மொட்டை நாய்களையே தங்களுக்குள் திரும்பத் திரும்பச் சேர்க்க வேண்டிவரும். அபூர்வமான இனத்தில் நெருங்கிய ரத்தத்தில் சேர்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று ஆடு மாடு வைத்திருக்கிற யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிடாயை மாற்றாத மந்தை என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியும்.

அடுத்த ஆட்சேபம் வரலாற்றிலிருந்து வரும். மரபணு என்ற பேச்சே இல்லாத காலத்திலிருந்து மெக்சிகோக்காரர்கள் மொட்டை நாய் வளர்த்திருக்கிறார்களே, அவர்கள் யாரும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்கவில்லையே என்பார்கள். வளர்த்தார்கள் என்பது உண்மை. மேற்கு மெக்சிகோவின் கொலிமா பகுதியில் சுமார் இரண்டாயிரம் ஆண்டு பழைய கல்லறைகளில் வழவழத்த உடம்போடு கொழுத்த சுடுமண் நாய்கள் கிடைத்திருக்கின்றன. பெருவின் மோச்சே மட்பாண்டங்களிலும் மொட்டை நாய் உருவம் உண்டு. ஸ்பானியர் வந்த பிறகு 16-ம் நூற்றாண்டில் மெக்சிகோவில் இருந்த பாதிரியார் பெர்னார்டினோ தே சாககுன் இந்த நாய்களைப் பற்றிக் கேட்டு எழுதியபோது இரண்டு விதமான பதில் கிடைத்தது: குட்டியாக இருக்கும்போதே ஒருவகைப் பிசினைப் பூசி முடியை உதிர்ப்பார்கள் என்று சிலரும், சில ஊர்களில் பிறக்கும்போதே இப்படித்தான் என்று சிலரும் சொல்லியிருக்கிறார்கள். ஒரே தாய்க்கு இரண்டு விதமாகக் குட்டி பிறப்பதைப் பார்த்தவர்கள் பிசின் கதையைக் கட்டியிருந்தால் ஆச்சரியமில்லை என்பது என் ஊகம். முடிக்குட்டி கண்ணெதிரே இருந்ததால்தான் விளக்கம் தேவைப்பட்டது.

அதைவிட அழுத்தமான சான்று பின்னால் நடந்தது. ஐரோப்பியர் வந்ததும் அமெரிக்கக் கண்டத்தின் பழைய நாய்கள் ஏறக்குறைய அடியோடு போய்விட்டன. 2018-ல் பழைய எலும்புகளின் மரபணுவை இன்றைய நாய்களோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு, அந்தப் பழைய ரத்தம் இன்றைய அமெரிக்க நாய்களில் மிகச் சிறிதளவே மிஞ்சியிருக்கிறது என்று காட்டியது. மொட்டை நாயும் இதற்கு விலக்கல்ல. உடம்பில் பெரும்பகுதி வந்தேறி நாயினுடையது, மொட்டை மரபணு மட்டும் பழையது. இது எப்படி நடந்திருக்க முடியும்? ஒரு பிரதி இருந்தாலே மொட்டை விழும் என்பதால், தெருவில் திரிந்த மொட்டைப் பொட்டை எந்த ஐரோப்பிய நாயோடு சேர்ந்தாலும் பாதிக்குட்டி மொட்டையாகப் பிறந்திருக்கும். அப்படி முடி நாயோடு கலந்து கலந்துதான் அந்த மரபணு நானூறு ஐந்நூறு ஆண்டைத் தாண்டியிருக்கிறது. மொட்டையோடு மட்டும்தான் சேர்ப்பேன் என்று யாராவது கூண்டில் அடைத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். 1954-ல் நார்மன் பெல்ஹாம் ரைட் என்ற ஆங்கிலேயரும் கூட்டாளிகளும் மெக்சிகோவின் உள்ளடங்கிய கிராமங்களில் தேடியலைந்து ஷோலோக்களைத் திரட்டி இனத்தை மீட்டார்கள். 1956-ல் சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பு அதை அங்கீகரித்தது. அதுவரை அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தது கட்டுப்பாடில்லாத கிராமத்துத் தெருதான்.  

முடி நாயோடு சேர்ந்தாலும் பாதி மொட்டை என்ற இந்த உண்மைக்கு ஒரு கெட்ட பக்கமும் இருக்கிறது. ஒரே ஒரு மொட்டைக் கடுவன் கிடைத்துவிட்டால், சேலத்திலோ நாமக்கல்லிலோ யார் வேண்டுமானாலும் நாட்டுப் பொட்டையோடு சேர்த்து முதல் ஈத்திலேயே பாதி மொட்டைக் குட்டி எடுத்துவிடலாம். வெளிநாட்டு அபூர்வ இனம் என்று அதை விற்கவும் செய்யலாம். எனவே குட்டி மொட்டையாக இருப்பது அதன் இனத்துக்குச் சான்றே ஆகாது. சைனீஸ் கிரெஸ்டட்டின் பெயரில் இருக்கும் சீனாவும் அப்படித்தான். மரபணுப் பிழை மெக்சிகோ நாயினுடையதுதான் என்று தெரிந்த பிறகு, அதன் மூலத்தைச் சீனத்தில் தேடுவதைவிட அமெரிக்கக் கரையோடு தொடர்பிருந்த கப்பல்களில் தேடுவது பொருத்தம்.

மொட்டையோடு மொட்டை சேர்த்தால் மொட்டை மட்டுமே போடுகிற இனம் ஒன்று இருக்கிறதே என்று கேட்பவர் அமெரிக்கன் ஹேர்லெஸ் டெரியரைச் சொல்கிறார். 1972-ல் லூசியானா மாநிலத்தில் ஒரு ரேட் டெரியர் ஈத்தில் ஒற்றை மொட்டைப் பொட்டைக்குட்டி பிறந்தது. ஜோசபின் என்று பேர் வைத்து வளர்த்தார்கள்; அவள் வழியாக வந்ததே அந்த இனம் முழுவதும். அங்கே கெட்டிருப்பது எஸ்ஜிகே-3 என்ற வேறொரு மரபணு. இரண்டு பிரதியும் கெட்டால்தான் மொட்டை விழும், ஆனால் கரு சாகாது, பல்லும் குறையாது. கணக்கு சுலபம், நாயும் முழு நாய். இதைக் காட்டி முடிக்குட்டி தேவையில்லை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். ஒரே தாயிலிருந்து கிளைத்த இனம் என்பதால் வெளி ரத்தம் அவர்களுக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது, அதற்கு முடியுள்ள டெரியரைத்தான் தேடிப் போகிறார்கள். அந்தச் சேர்க்கையில் முதல் ஈத்து முழுக்க முடிக்குட்டிகள். ஆனாலும் ஒவ்வொன்றும் மொட்டை மரபணுவை உள்ளே சுமக்கிறது. அங்கே முடிக்குட்டியைத் தூக்கிப்போடுகிறவன் அடுத்த தலைமுறை மொட்டையையே தூக்கிப்போடுகிறான்.

நம் ஊர்க்காரர்கள் சொல்கிற காரணம் வேறு. இந்த வெயிலுக்கு முடியில்லாத நாய்தானே தோது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த மண்ணில் நிலைத்த கால்நடைகளில் ஒன்றுகூட அதற்கு ஆமாம் போடாது. காங்கேயம் மாட்டைப் பாருங்கள்: மேலே வெண்சாம்பல் முடி, பிரித்துப் பார்த்தால் கருத்த தோல். வெளிர்முடி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, தப்பி உள்ளே வருவதைக் கருந்தோல் தாங்கிக்கொள்கிறது. நம் சேலம் மாவட்டத்து மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது. அதற்காக மொட்டையும் இல்லை. ஒட்ட வெட்டியதுபோன்ற குட்டை முடி உடம்பு முழுக்க இருக்கிறது. பொட்டனேரியில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையம் வைத்துப் பார்க்கும் அளவுக்கு அதன் தோலுக்கு மதிப்பு. சிப்பிப்பாறை நாயும் அதே ரகம், மினுமினுப்பான குட்டை முடி. வெயில் இவற்றின் முடியைக் குறைத்ததே தவிர எதையும் உரித்துவிடவில்லை. பங்குனி, சித்திரையில் சேலத்து நிழலில் 40 டிகிரி தாண்டும்போது வெளிக்காற்று நாயின் தோலைவிடச் சூடு. அப்போது வெற்றுத்தோல் வெப்பத்தை வெளியே விடுவதற்குப் பதில் உள்ளே வாங்குகிறது. மொட்டை நாய் தோல் வழியே வியர்க்கும் என்பது கட்டுக்கதை. எல்லா நாயையும்போல நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அதுவும் சூட்டைத் தணிக்கிறது. தொட்டால் சுடுகிறது, அதற்குக் காய்ச்சல் உடம்பு என்பதும் அப்படியே. தெர்மாமீட்டர் வைத்தால் மற்ற நாய்க்கு உள்ள அதே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்தான். நடுவில் முடி இல்லாததால் நம் கைக்குச் சூடு நேராகத் தெரிகிறது. இளஞ்சிவப்புத் தோல் உள்ளது நடுப்பகல் வெயிலில் கருகிக் கொப்பளிக்கும். மார்கழி விடியலில் கல்வராயன் மலைப் பக்கமிருந்து குளிர் இறங்கும்போது அதற்குச் சாக்கும் சட்டையும் வேண்டும். பாக்குத் தோப்புக்குக் காவல் போட நினைப்பவர் இதைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

நாமக்கல் பக்கத்துக் கோழிக்காரர் இதற்கு மறுப்பு வைத்திருப்பார். கழுத்தில் இறகில்லாத மொட்டைக்கழுத்துக் கோழி வெயிலை நன்றாகத் தாங்குகிறதே? தாங்குகிறது, மறுக்கவில்லை. அது கழுத்தை மட்டும் திறந்து வைத்து மிச்ச உடம்பைப் போர்த்தியிருக்கிறது. இரண்டு பிரதி இருந்தாலும் உயிரோடு பொரிக்கிறது. முழுக்க இறகில்லாத கோழியையும் செய்து பார்த்தார்கள். 2002-ல் இஸ்ரேலின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் அவிக்டோர் கஹானர் அப்படி ஒரு பறவையை உலகத்துக்குக் காட்டினார்; உரிக்க வேண்டியதில்லை, விசிறி தேவையில்லை என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. இன்று வரை நாமக்கல் பண்ணை எதிலும் அது நுழையவில்லை. மொத்தமாகத் திறந்து போட்டால் வெயில், கொசு, உரசல், இணைசேரும்போது நகக்கீறல் எல்லாவற்றுக்கும் தோல்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கடைசியில் வருவது காசுக் கணக்கு. முடிக்குட்டி விலை போகாது, அதற்குப் பாலும் தடுப்பூசியும் யார் கொடுப்பது? கஷ்டம் உண்மையானது, ஆனால் விலை என்பது யாரோ எழுதிய லட்சணப் பட்டியலைப் பார்த்து வருவது, பட்டியல் மாறினால் அதுவும் மாறும். சைனீஸ் கிரெஸ்டட்டில் முடிக்குட்டிக்குப் பவுடர்பஃப் என்று தனிப்பெயர் கொடுத்து, மொட்டையோடு ஒரே மேடையில் ஏற்றினார்கள். இப்போது அது தனக்கென்று வாங்குகிற ஆட்களைப் பிடித்துவிட்டது. அமெரிக்கன் கென்னல் கிளப் 1959-ல் ஷோலோவைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, 2011-ல் திரும்பச் சேர்த்தது. இன்றைய அதன் இலக்கணத்தில் முடியுள்ள ஷோலோவும் ஷோலோதான். இந்தியாவில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. 2016-ல் மத்திய அரசு வணிகத்துக்காக இனப்பெருக்கம் செய்ய வெளிநாட்டு நாயை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. அதாவது உள்ளே இருக்கிற கொஞ்சம் நாய்களை வைத்துத்தான் எல்லாம் நடக்க வேண்டியிருந்தது. 2017-ல் வந்த விதிகள்படி குட்டி எடுத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வெளியிலிருந்து புது ரத்தம் வருவது அரிதான இடத்தில், கையிலிருக்கும் ஈத்தில் மூன்றில் ஒன்றைக் கழித்துக்கட்டுவது எந்த வியாபாரத்திலும் புத்திசாலித்தனம் ஆகாது. உண்மையில் இந்த மொட்டை இனங்களை இங்கே புதிதாகத் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. தொடங்கிவிட்டவர் முடிக்கடுவனை வைத்துத் தொடரட்டும்.

ராஜபாளையத்துக்கு வந்தால் கரு சாகும் கணக்கு எதுவுமில்லை, ஆனால் மனசு அதேதான். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்பது இலக்கணம். 2005-ல் தபால்தலையில் ஏறியது, பிற்பாடு நாட்டு இனங்களில் ஒன்றாக அரசுப் பதிவும் கிடைத்தது. சென்னை சைதாப்பேட்டை அரசு நாய்ப் பண்ணையில் சிப்பிப்பாறை, கோம்பையோடு சேர்த்து இதையும் பெருக்கினார்கள். இத்தனை பெருமைக்கும் நடுவில், வெள்ளை ஜோடிக்குப் பழுப்போ கறுப்புப் புள்ளியோ விழுந்த குட்டிகளை அந்தக் காலத்தில் வைத்துக்கொள்ளாமல் அழித்தார்கள் என்பதும் இந்த இனத்தின் வரலாறுதான். இனத்தில் செவிடு அதிகம் என்பதும் எல்லாருக்கும் தெரிந்தது. வெள்ளை நாய்க்குக் காது ஏன் போகிறது என்பது டால்மேஷியனில் நன்றாக ஆராயப்பட்ட விஷயம். உள்காதில் கேட்கும் நரம்பணுக்களுக்கு ஊட்டம் கொடுக்கும் திசுவில் நிறமணுக்கள் இருந்தாக வேண்டும். நிறத்தைத் துடைக்கிற மரபணு அங்கேயும் துடைத்துவிட்டால், பிறந்து மூன்று நான்கு வாரத்தில் அந்தத் திசு வாடி, காது நிரந்தரமாகப் போகும். பிறக்கும்போதே உடம்பில் பெரிய கறுப்புத் திட்டோடு வருகிற டால்மேஷியன் குட்டிகளில் செவிடு குறைவு. அந்தத் திட்டைத்தான் கண்காட்சி இலக்கணம் தகுதியிழப்பு என்று வைத்திருக்கிறது. நன்றாகக் காது கேட்கும் குட்டியைத் தேடிப் பிடித்து வெளியேற்றுகிற விதி. ராஜபாளையத்தில் நிறக்குட்டியைத் தள்ளியதும் இதே பலனைத்தான் கொடுத்திருக்கும் என்று நம்ப எனக்குத் தயக்கமில்லை.

நிறக்குட்டியை வைத்துச் சேர்த்தால் வெள்ளை போய்விடும், ராஜபாளையம் ராஜபாளையமாக இருக்காது என்று பழைய வளர்ப்பாளர்கள் பதறுவார்கள். வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்த நிறக்குட்டியால் வெள்ளை அப்படி அழிந்துவிடாது. நல்ல வெள்ளைத் துணையோடு சேர்த்தால் வெள்ளைக்குட்டி திரும்ப விழும். போகிற வெள்ளையைவிடப் போன காதைத் திரும்பப் பெறுவது கடினம். இதற்கு ஒரு முன்வேலை உண்டு, அதைப் பலரும் தப்பாகச் செய்கிறார்கள். குட்டிக்குப் பின்னால் நின்று கைதட்டினால் காற்றசைவும் தரை அதிர்வும் அதற்குத் தெரிந்துவிடும், செவிட்டுக்குட்டியும் திரும்பிப் பார்க்கும். ஐந்து வாரம் கடந்த பிறகு, குட்டி தனியாகச் சாக்கின் மேல் தூங்கும்போது, எட்டத்தில் நின்று கண்ணில் படாமல் ஒரு சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு காது மட்டும் போன குட்டி பாஸாகிவிடும். அதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு காதிலும் ஒலி கொடுத்து மூளையின் மின்னலையை அளக்கும் பேயர் சோதனை ஒன்றுதான் வழி. எட்டு வாரம் வரை குட்டியை விற்கக் கூடாது என்று விதியே இருப்பதால் அதற்கு நேரமும் இருக்கிறது. சோதனைக்கு அனுப்பும்போது வெள்ளைக்குட்டிகளோடு அந்தப் புள்ளிக்குட்டியையும் ஒரே கூடையில் வைத்து அனுப்புங்கள். முடிவு வந்த பிறகு எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று பேசலாம்.